மின்கருவிக்கு முன் கால்களுக்குப் பாரம் கொடுங்கள்

கேள்வி: தம்பிக்கு 27 வயது. ஐந்து மாதங்களுக்கு முன் நிலாவெளியில் தென்னையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டின் டி11 எலும்பு நொறுங்கி, ஒபரேசன் செய்து ஸ்க்ரூ வைத்தார்கள். வைத்தியசாலைத் துண்டில் ‘ஏ.எஸ்.ஐ.ஏ. சி’ என்று இருக்கிறது. வலது முழங்காலைக் கொஞ்சம் நீட்டுவார். இடது பெருவிரல் அசையும். இரவில் கால் தானாக உதறுகிறது. முள்ளந்தண்டில் மின்கருவி வைத்தவர்கள் நடப்பதை வீடியோவில் பார்த்தோம். காணியை ஈடு வைத்து இந்தியாவுக்குக் கொண்டுபோகலாமா? — ஓர் அக்கா, திருகோணமலை

காணியை ஈடு வைக்க வேண்டாம். தம்பியின் கால்களுக்கு இப்போது வேண்டியது அவருடைய உடம்பின் பாரம். அதைத் திருகோணமலையிலேயே கொடுக்கலாம்.

ஏ.எஸ்.ஐ.ஏ. என்பது நரம்புக் காயத்தின் கடுமையைச் சொல்லும் தரம். ‘சி’ என்றால், காயத்துக்குக் கீழே சில தசைகள் சொன்னபடி அசைகின்றன. ஆனால் முக்கிய தசைகளில் பாதிக்கு மேல் காலைத் தூக்கும் பலத்துக்கு வரவில்லை. மூளையிலிருந்து சில நரம்பிழைகளாவது அறுபடாமல் இறங்குகின்றன. முதல் ஒரு வருடத்தில்தான் மீட்சி வேகமாக நடக்கும், அதனால் இந்த மாதங்களை விட்டுவிடக்கூடாது. கால் உதறுவதைக் கண்டு பயப்படாதீர்கள். காயத்துக்குக் கீழுள்ள முண்ணாணும் (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத்தண்டு) அதிலிருந்து தசைக்குப் போகும் நரம்பும் உயிரோடு இருப்பதன் அடையாளம் அது. டி11க்குக் கீழே, எல்1 எலும்பின் பக்கம் அடிபட்டுக் கால் துவண்டு கிடப்பவர்களுக்கு அந்த நரம்பே செத்திருக்கும். அவர்களுக்கு மின்தூண்டல் பெரும்பாலும் வேலை செய்யாது.

வீடியோவில் வருபவை பொய்யல்ல. 2018இல் அமெரிக்காவின் லூயிவில் குழு, கால் அசைவே இல்லாத நால்வருக்கு முண்ணாணின் மேலுறையில் மின்முனைகளைப் பதித்துப் பயிற்சி கொடுத்தது. இருவர் தரையில் நடந்தார்கள்: ஒருவர் 15 வாரங்களில் 81 பயிற்சிகளுக்குப் பிறகு, மற்றவர் 85 வாரங்களில் 278 பயிற்சிகளுக்குப் பிறகு. அதுவும் கருவி ஓடும்போது மட்டும். ஒருவருக்குப் பயிற்சியின்போது இடுப்பு மூட்டெலும்பு முறிந்தது. கருவி காலை நடத்துவதில்லை. உணர்வு நரம்பு வேர்களைத் தூண்டி முண்ணாணை விழிப்பாக வைத்திருக்கிறது. அப்போது மூளையின் மெல்லிய கட்டளையும் உள்ளங்காலில் விழும் பாரமும் அதற்கு எட்டும். பாரமே ஏற்றாத காலுக்கு எந்தக் கருவியாலும் பெரிய பயனில்லை. தோலில் ஒட்டும் கருவி ஒன்றுக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அது கைகளுக்கானது. நடைக்கு இன்னும் ஆய்வுநிலைதான். முறையான ஆய்வில் பொதுவாக நோயாளியிடம் கருவிக்குக் காசு வாங்க மாட்டார்கள். இலட்சக்கணக்கில் கேட்டால் விலகுங்கள்.

உடலைத் தொங்கவிட்டு நடத்தும் ட்ரெட்மில்லும் கட்டாயமில்லை. புதிதாக அடிபட்ட 146 பேரைச் சேர்த்து 2006இல் வெளியான ஆய்வில், தரையில் பழகியவர்களும் அதே அளவு முன்னேறினார்கள்.

முதலில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு பொருந்திவிட்டது, பாரம் ஏற்றலாம் என்று சத்திரசிகிச்சை வைத்தியரிடம் உறுதி வாங்குங்கள். பிறகு ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பில் 3 மீற்றர் நீளக் கைப்பிடிகள் இரண்டு, இடையில் 60 சென்ரிமீற்றர் விட்டு, கொங்கிரீட்டில் ஊன்றுங்கள். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வரும் இடமே கம்பியின் உயரம்.

எழும்பி நிற்பதில் தொடங்க வேண்டும். இருக்கை 55 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கட்டும். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே வைத்து, முகம் கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் குனிந்து எழும்ப வேண்டும். 10 தரம், மூன்று சுற்று. இலகுவானால் இருக்கையை 2 சென்ரிமீற்றர் இறக்குங்கள். நிற்கும்போது இடது காலுக்குக் கீழே நிறை பார்க்கும் தராசையும், வலது காலுக்கு அதே உயரப் பலகையையும் வையுங்கள். 60 கிலோ ஆளுக்குத் தராசு 12 காட்டினால் மீதியை வலது காலும் கைகளும் சுமக்கின்றன. முள் 25ஐத் தாண்டும்வரை அடி எடுத்து வைக்க அவசரப்படாதீர்கள். கையால் தாங்கித் தாங்கி நடப்பவருக்குத் தோள்தான் பலக்கும், பிறகு அதுவே வலிக்கும்.

அடி வைக்கும்போது பின்கால் இடுப்புக்குப் பின்னால் நன்றாகப் போக வேண்டும். இடுப்பு நீண்டு பாரம் முன்காலுக்கு மாறும் கணத்தில்தான் முண்ணாண் பின்காலைத் தூக்கச் சொல்கிறது. பாசத்தில் நீங்கள் காலைத் தூக்கி வைத்தால் அந்தச் சைகை போய்விடும். ஒரு கணம் பொறுத்து, வராவிட்டால் மட்டும் உதவுங்கள். கிழமையில் ஐந்து நாள், 45 முதல் 60 நிமிடம். மாதம் ஒருமுறை 10 மீற்றருக்கு எத்தனை விநாடி என்று கொப்பியில் எழுதுங்கள்.

பாதம் தரையில் இழுபட்டால் தசைதூண்டும் ஈ.எம்.எஸ். கருவி உதவும், வலிக்கான டென்ஸ் கருவியை அதற்கென்று வாங்காதீர்கள். ஓர் ஒட்டுத்துண்டு முழங்காலின் வெளிப்பக்க எலும்புக் குமிழுக்குக் கீழே, மற்றது முன்காலின் மேல் பகுதித் தசையில். 35 ஹேர்ட்ஸ், 300 மைக்ரோவிநாடி. பாதம் எழும்பும்வரை மெல்லக் கூட்டுங்கள். பாதம் வெளிப்பக்கம் திரும்பினால் மேல் துண்டைச் சற்று முன்னே நகர்த்துங்கள். முதல் தடவை மாவட்டப் பொது வைத்தியசாலை இயன் மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) முன்னிலையில் செய்யுங்கள். ராகம புனர்வாழ்வு வைத்தியசாலைக்குக் கடிதம் தரமுடியுமா என்றும் அங்கேயே கேளுங்கள்.

முழங்கால் பின்பக்கம் சொடுக்கினால் தொடைத்தசை பலமில்லை அல்லது கெண்டை இறுகியிருக்கிறது. நடையை நிறுத்தி அதைச் சரிசெய்யுங்கள். இறுக்கம் திடீரெனக் கூடினால் மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் சலத்தில் கிருமி, மலச்சிக்கல், படுக்கைப்புண், உள்வளர்ந்த நகம் உண்டா என்று பாருங்கள். கன்னியா வெந்நீரூற்றில் குளித்தால் நரம்பு உயிர்க்கும் என்று சொல்வார்கள். உணர்வு குறைந்த தோலுக்குச் சூடு தெரியாது; கொப்புளித்த பிறகுதான் நீங்களே காண்பீர்கள், பிறகு வாரக்கணக்கில் நிற்க முடியாது. மத்தியான மணலில் வெறுங்காலும் கூடாது.

ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அன்று நடத்தவும் வேண்டாம், எண்ணெய் தேய்த்துப் பிடிக்கவும் வேண்டாம். இரத்தக்கட்டியாக இருக்கலாம்; அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.