பாட்டியின் வைர மோதிரம்: முதலில் காலத்தைப் பாருங்கள், பிறகு பழுது பாருங்கள்

பாட்டி விட்டுச்சென்ற ஒற்றைக்கல் வைர மோதிரம் எந்தக் காலத்தது, தேய்ந்திருக்கும் அதைப் புதுப்பிக்கலாமா, அது கோல்கொண்டா வைரம் (பழைய கோல்கொண்டா அரசின் சுரங்கங்களில் எடுத்த, பேர்போன வைரம்) என்று வீட்டில் சொல்வது சரியா என்று ஆந்திராவின் நகரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நான் சித்தூரில் இருக்கிறேன். இரண்டு பழைய மோதிரங்களைப் பழுது பார்க்கக் கொடுத்து, ஒன்றில் தவறியும் மற்றொன்றில் நிதானமாக நடந்தும் அறிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது என் அத்தையின் மோதிரம். அழுக்கேறி இருக்கிறதே என்று ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் உள்ளும் புறமும் மெருகேற்றிப் பளபளவென்று திருப்பித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான், வளையத்தின் உட்புறத்தில் இருந்த சிறு முத்திரைகள் மழுங்கிப்போனது தெரிந்தது. அதில் ஒரு நங்கூரக் குறி இருந்தது என்று அத்தை சொல்வார். நங்கூரம் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் தங்கச் சோதனை அலுவலகத்தின் முத்திரை. அதன் அருகில் பொறிக்கப்படும் ஒற்றை எழுத்து, சோதனை நடந்த ஆண்டைக் குறிப்பது. அந்த எழுத்து இருந்திருந்தால் மோதிரத்தின் வயதை நேராகவே படித்திருக்கலாம். ஆகவே உங்கள் மோதிரத்தை யார் கையிலும் கொடுக்கும் முன்பு, உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முத்திரை எதுவுமே இல்லை என்றாலும் கவலைப்பட வேண்டாம். நம் ஊர் ஆசாரிகள் செய்த பழைய நகைகளில் பெரும்பாலும் முத்திரை இருக்காது. இந்தியாவில் தங்கத்துக்கு ஹால்மார்க் முறை வந்ததே 2000-இல்தான். அது கட்டாயமானது 2021-இல். உரைத்துப் பார்க்கும்போது தங்கம் 14 காரட் என்று வந்தால், உடனே மட்டமான பொருள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1963-இல் தங்கக் கட்டுப்பாடு வந்தபோது, 14 காரட்டுக்கு மேற்பட்ட புது நகை செய்யக் கூடாது என்று சில ஆண்டுகள் விதி இருந்தது. உங்கள் மோதிரம் அந்தக் காலத்தில் செய்ததாக இருக்கலாம். ஆங்கில முத்திரையோடு 15 என்ற எண் தெரிந்தால், அது 1932-க்குப் பிந்தியதாக இருக்க இடமில்லை. அந்தத் தரத்தை அவர்கள் அந்த ஆண்டோடு கைவிட்டுவிட்டார்கள்.

இனி கல். என் பாட்டியின் மோதிரத்தை 10 மடங்கு பெருக்கும் லென்ஸில் முதன்முதலாகப் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. கல்லின் விளிம்பு முழு வட்டமாக இல்லாமல், முனை மழுங்கிய சதுரம் போல இருந்தது. மேற்புறத் தட்டையான பட்டை சிறியது; பக்கவாட்டில் பார்த்தால் கல்லின் தலை உயர்ந்து நின்றது. மேலிருந்து நேராகப் பார்த்தபோது நட்டநடுவில் ஒரு சிறு சன்னல் தெரிந்தது. கல்லின் அடிமுனையைக் கூராக விடாமல் தட்டையாக வெட்டியிருந்ததால் தெரியும் வட்டம் அது. இவை கையால் பட்டை தீட்டிய பழைய வெட்டின் அடையாளங்கள். விளிம்பை இயந்திரத்தில் உருட்டும் வழி 1870-களில் வந்த பிறகு கற்கள் வட்டமாகத் தொடங்கின. ஒளி எந்தக் கோணத்தில் எப்படித் திரும்பும் என்று வைரம் வெட்டும் குடும்பத்துப் பொறியாளர் மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்கிட்டு வெளியிட்டது 1919-இல். இன்றைய வட்ட வெட்டு அதன் வழியில் வளர்ந்தது. பழைய வெட்டு விளக்கு வெளிச்சத்தில் பெரிய பெரிய வண்ணத் துண்டுகளாக ஒளிவிடும். அந்த அழகு புதுக்கல்லில் கிடைப்பதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் கல்லின் வயதும் மோதிரத்தின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. பேசரியிலும் தோட்டிலும் இருந்த கல்லைக் கழற்றி, மகளுக்கோ பேத்திக்கோ மோதிரமாகக் கட்டித் தருவது நம் வீடுகளில் வழக்கம். எனவே இரண்டையும் தனித்தனியே பாருங்கள்.

கோல்கொண்டா விஷயம். கிருஷ்ணை ஆற்றங்கரைக் கொல்லூர்ச் சுரங்கமும், மழை பெய்ததும் இன்றும் மக்கள் நிலத்தில் கல் தேடும் அனந்தபுரம் பக்கத்து வஜ்ரகரூரும் நம் மாநிலத்தில் இருப்பதால், இங்கே எந்தப் பழைய வைரத்துக்கும் அந்தப் பெயர் எளிதாக ஒட்டிக்கொள்கிறது. ஆனால் 1870-க்குப் பிறகு தென்னாப்பிரிக்கக் கற்கள்தாம் சந்தையை நிறைத்தன. நம் பெண்கள் ஆசையோடு கேட்டு வாங்கிய, நீலச் சாயலுள்ள வெள்ளை வைரமான புளூ ஜாகரின் பெயரே அங்குள்ள ஜாகர்ஸ்ஃபோன்டெய்ன் சுரங்கத்திலிருந்து வந்தது. வெட்டைப் பார்த்துக் காலத்தை ஓரளவு சொல்லலாம். சுரங்கத்தைச் சொல்ல முடியாது. வீட்டுப் பேச்சை நம்பி விலை பேசாதீர்கள்.

கல்லைவிட, அது இருந்த பெட்டி அதிகம் பேசும். பாட்டியின் தகரப் பெட்டியில் மடித்து வைத்திருந்த ரசீதில் விலை ரூபாய், அணா, பை என்று எழுதியிருந்தது. ஆகவே அது 1957-இல் நயா பைசா வருவதற்கு முந்தியது. முகவரியில் ‘வட ஆற்காடு ஜில்லா, சித்தூர்’ என்று இருந்தது. சித்தூர் தனி ஜில்லாவானது 1911-இல். பழைய வழக்கத்தில் பிறகும் அப்படி எழுதியிருக்கலாம் என்றாலும், முனை மழுங்கிய சதுரக் கல்லோடு சேர்த்துப் பார்த்தபோது மோதிரம் 1911-க்கு முந்தியது என்பதற்கு எனக்கு அது போதுமான சான்றாகத் தோன்றியது.

பழுது பார்ப்பதற்கு முன்பு, கல்லின் அடிப்பக்கம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். தங்கத்தால் மூடிய கட்டாக இருந்தால் உள்ளே மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். நீர் புகுந்தால் தகடு கறுத்துக் கல்லும் மங்கிவிடும். அதைத் தண்ணீரில் போடவே கூடாது. திறந்த கட்டானால் வெதுவெதுப்பான சோப்பு நீரும் மெல்லிய தூரிகையும் போதும். சுத்தம் செய்யும் அதிர்வு இயந்திரத்தில் போட விடாதீர்கள், கல்லைப் பிடித்திருக்கும் தேய்ந்த தங்க நகங்களிலிருந்து அது கழன்றுவிடும்.

என் பாட்டியின் மோதிரத்தைப் பார்த்த ஆசாரி, பஞ்சை எடுத்துக் கல்லின் மேல் மெதுவாகத் தடவினார். ஆறு நகங்களில் இரண்டில் பஞ்சின் இழை சிக்கியது. அவை கல்லை விட்டு எழும்பியிருந்தன. புதுக் கட்டு போடலாம் என்று இன்னொருவர் சொன்னதை அவர் ஏற்கவில்லை. கல்லைக் கழற்றி என் முன்னாலேயே எடை போட்டுத் தனியே வைத்துவிட்டு, அந்த இரண்டு நகங்களுக்கு மட்டும் தங்கம் சேர்த்துப் பற்றவைத்தார். நெருப்பு நேராகப் பட்டால் வைரத்தின் மேற்பரப்பும் வெந்து மங்கும் என்பதால் கழற்றியது முக்கியம். காகிதம் போலத் தேய்ந்திருந்த வளையத்தின் அடிப்பாகத்தை மட்டும் வெட்டிப் புதுத் துண்டு இணைத்தார். மெருகு வெளிப்புறத்துக்கு மட்டும், அதுவும் கையால்.

ஒளி கூடுவதற்காகக் கல்லைப் புது வெட்டுக்கு மாற்றித் தரலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். எடையும் குறையும், வயதும் போய்விடும். கையில் பிடிக்கும் சோதனைப் பேனா ஒலித்தது என்பதற்காகவும் நிம்மதி அடைய வேண்டாம். வெப்பத்தை மட்டும் பார்க்கும் பேனா, வைரம் போலத் தோன்றும் மொய்சனைட் என்ற கல்லையும் வைரம் என்றே காட்டும். கல்லைக் கழற்றும் நாளில் ரத்தினச் சோதனைக் கூடத்தில் ஒரு சான்றிதழ் வாங்கி, அதை மோதிரத்தின் பழைய பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.