கொட்டாஞ்சேனை வீட்டைத் தேடி

அண்ணாச்சி, பத்து வயதில் கொழும்பிலிருந்து வள்ளியூருக்கு வந்தேன், ஐம்பது வருஷம் கழித்துப் போகிறேன், கொட்டாஞ்சேனையில் எந்தத் தெரு என்றே மறந்துவிட்டது என்கிறீர்கள். முதலில் பரணில் பாருங்கள். அப்பாவுக்கு வந்த பழைய கடித உறை ஒன்று கிடைத்தால் போதும். எனக்குப் பாளையங்கோட்டையில் அத்தையின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. கரையான் தின்றதுபோக கதவிலக்கத்தில் பாதிதான் மிச்சம். கொழும்பு போனதும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலிருந்து நடந்தே போங்கள். ஆட்டோவில் ஏறினால் ஒன்றும் பிடிபடாது. செட்டியார் தெரு நகைக்கடைகள் இன்னும் இருக்கின்றன. அப்புறம், கடற்கரையோரத் திடலான காலிமுகத்திடலில் பழைய கடலைத் தேடாதீர்கள். வடக்கே கடலைத் தூர்த்துத் துறைமுக நகரம் எழுப்புகிறார்கள். எங்கள் வீடு இடிந்துகிடந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன், இதைத்தான் முடியவில்லை. சரி, வெயில் ஏறுமுன் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.