தன்னை விமர்சித்தவர்கள்மீது காலநிலை விஞ்ஞானி அவதூறு வழக்குப் போடுவது கருத்துச் சுதந்திரத்தை நசுக்குவது ஆகாதா?

என்ன சொன்னதற்காக வழக்கு என்பதைப் பொறுத்தது. ‘உன் கணக்கு தப்பு’ என்றவரைக் கோர்ட்டுக்கு இழுத்தால் நசுக்குவதுதான். ‘தெரிந்தே ஊரை ஏமாற்றினாய்’ என்றவரை இழுத்தால் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வராது.

அமெரிக்காவில் மைக்கேல் மான் போட்ட வழக்கைப் பாருங்கள். கடந்த பல நூற்றாண்டுகளின் வெப்பநிலையைக் காட்டும், கடைசியில் மட்டும் சட்டென மேலேறுவதால் ‘ஹாக்கி மட்டை’ எனப்படும் வரைபடத்தை 1998, 1999-இல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்டவர் அவர். 2012-இல் ராண்ட் சிம்பெர்க் என்பவர் அவரை ஜெர்ரி சாண்டஸ்கியோடு ஒப்பிட்டு எழுதினார். சாண்டஸ்கி யாரென்றால், மான் வேலை பார்த்த அதே பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்து, சிறுவர்களைச் சீரழித்ததற்காகத் தண்டனை பெற்றவர். அவர் குழந்தைகளுக்குச் செய்ததை மான் தரவுகளுக்குச் செய்தார் என்பது சிம்பெர்க்கின் நையாண்டி. மார்க் ஸ்டெய்ன் என்பவர் நேஷனல் ரிவ்யூ பத்திரிகையின் வலைத்தளத்தில் அதை எடுத்துப் போட்டு, வரைபடமே மோசடி என்றார். இவர்கள்மீதுதான் மான் வழக்குப் போட்டார்.

சாண்டஸ்கி ஒப்பீடு அருவருப்பானது. ஆனால் சட்டப்படி எனக்கு முக்கியமாகப் படுவது ‘மோசடி’ என்ற குற்றச்சாட்டுதான். அது உண்மையா பொய்யா என்று சரிபார்க்க முடியும். 2009-இல் காலநிலை ஆய்வாளர்களின் மின்னஞ்சல்கள் திருடப்பட்டு வெளியானபின் மானைப் பல்கலைக்கழகமும் விசாரித்தது, ஆய்வுகளுக்கு அரசு நிதி கொடுக்கும் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் கண்காணிப்பு அலுவலகமும் விசாரித்தது. ஆய்வு முறைகேடு எதுவும் நிரூபணமாகவில்லை. வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்ததற்கு இந்த விசாரணைகளும் ஒரு காரணம்.

அதோடு, அமெரிக்காவில் பொதுவாழ்வில் உள்ளவர் அவதூறு வழக்கில் ஜெயிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. 1964-இல் நியூயார்க் டைம்ஸ் – சல்லிவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு அது. எழுதியது பொய் என்றால் மட்டும் போதாது. பொய்யென்று தெரிந்தே எழுதினார், அல்லது சந்தேகம் இருந்தும் கண்ணை மூடிக்கொண்டு எழுதினார் என்று காட்ட வேண்டும். கருத்துச் சுதந்திரத்துக்கு இவ்வளவு கனமான கவசம் உள்ள நாட்டில்தான் 2024 பிப்ரவரியில் ஜூரி மானுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

இதோடு நிறுத்தினால் மான் பக்கம் நின்று கைதட்டுவதாகிவிடும். மிச்சக் கதையும் இருக்கிறது. மானுக்கு நேர்ந்த இழப்புக்கென்று ஜூரி கொடுத்தது ஒவ்வொருவரிடமிருந்தும் 1 டாலர். ஸ்டெய்னுக்கு விதித்த 10 லட்சம் டாலர் தண்டத்தை 2025-இல் நீதிபதி 5,000 டாலராகக் குறைத்தார். கைநழுவிய ஓர் ஆய்வு நிதி 1.12 லட்சம் டாலர் என்று முன்பே திருத்திச் சொல்லியிருந்தும், 97 லட்சம் என்றிருந்த பழைய எண்ணையே ஜூரிமுன் வைத்ததற்காக மான் தரப்பைக் கடுமையாகக் கண்டித்தார். தரவைத் திரித்தார் என்ற பழியைத் துடைக்க வந்தவருக்கு இது தேவையா? வழக்கிலிருந்து 2021-இலேயே விடுபட்ட நேஷனல் ரிவ்யூ பத்திரிகைக்குச் செலவுத்தொகையாக சுமார் 5.3 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லியும் உத்தரவானது.

வாயடைக்கப் போடும் வழக்குகளை முளையிலேயே கிள்ள, மான் வழக்கு நடந்த தலைநகர் வாஷிங்டன் டி.சி.யில் தனிச் சட்டம் உண்டு. அந்தச் சட்டத்தின்கீழ் கொடுத்த மனு முடிவாகவே நான்கு வருடம் ஆனது! வழக்கு ஜூரி விசாரணைக்கு வர பதினோரு வருடத்துக்கும் மேல். அத்தனை காலம் வக்கீல் செலவைத் தாங்க முடியாத எவரும் அடுத்த முறை எழுதும்முன் யோசிப்பார். நீங்கள் பயப்படுவது இதற்கென்றால், நியாயமான பயம்தான்.

இதற்கு நேரெதிர், ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஜேக்கப்சன் 2017-இல் போட்ட வழக்கு. அமெரிக்காவின் முழு ஆற்றலையும் காற்று, நீர், சூரியனிலிருந்தே பெறலாம் என்றது அவருடைய ஆய்வு. அதில் நீர்மின் உற்பத்தித் திறன் நம்ப முடியாத அளவுக்குக் கூடியிருக்கிறது, மாதிரியில் பிழை என்று 21 பேர் சேர்ந்து மறுப்புக் கட்டுரை எழுதினார்கள். பிழையல்ல, அணைகளில் கூடுதல் டர்பைன்கள் வைப்பதாகத் தெரிந்தே வைத்துக்கொண்ட அனுமானம் என்றார் ஜேக்கப்சன். சரி, அதை விளக்கி இன்னொரு கட்டுரை எழுதியிருக்கலாம். எழுதவும் செய்தார். அதற்குமேல் 1 கோடி டாலர் கேட்டு, மறுப்பின் முதன்மை ஆசிரியர்மீதும், அது வந்த ஆய்விதழை வெளியிடும் தேசிய அறிவியல் அகாதெமிமீதும் வழக்கும் போட்டார். அவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. டர்பைன் கணக்கை ஜூரியா பார்ப்பது? சில மாதங்களில் அவரே வாபஸ் வாங்கினார். எதிர்த்தரப்பின் வக்கீல் செலவு அவர் தலையில் விழுந்தது, அது சரியென்றே நினைக்கிறேன்.