கை முந்துகிறது, வலி பிந்துகிறது: நரம்புகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: தோசைக்கல்லில் விரல் பட்டால், வலி தெரிவதற்குள் கை விலகிவிடுகிறதே?

பதில்: விலக்குவது முதுகுத்தண்டு. சூட்டுச் செய்தி அங்கே சேர்ந்ததும் முழங்கையை மடக்கும் தசைக்குக் கட்டளை போகிறது. நீட்டும் தசை அதே நேரத்தில் தளர்கிறது. மூளைக்குத் தனியே ஒரு செய்தி ஏறுகிறது. வலியும் இரண்டு தடவை வரும். முதல் ‘சுரீர்’ நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செய்தி ஓடும் நரம்பு இழைகளில் வருகிறது. பின்தொடரும் எரிச்சல் வரும் இழைகளின் வேகம் நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைவு. அதற்காக மூளைக்கு அதிகாரமே இல்லை என்று எண்ணாதீர்கள். கையில் சுடுவது கொதிக்கும் குழம்புச் சட்டி என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு மேடையில் வைத்த பிறகுதான் கையை எடுக்கிறோம். அங்கே அனிச்சைச் செயலை மூளை அடக்கிவிடுகிறது.

கேள்வி: நரம்புத் தளர்ச்சிக்கு எந்த மாத்திரை நல்லது?

பதில்: அப்படி ஒரு தனி நோய் இல்லை. நடுக்கமா, மரத்துப்போவதா, பலக்குறைவா என்று மருத்துவரிடம் பிரித்துச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது. வலி இல்லை.

பதில்: வலி இல்லாததுதான் எனக்குக் கவலை தருகிறது. தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை; உணர்வு போனதால் சூடும் காயமும் தெரியாமல் சிதைகின்றன என்று வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். உங்கள் பாதத்துக்கும் அதே ஆபத்து உண்டு. தினமும் இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். சர்க்கரை நோய் மாத்திரையான மெட்பார்மினை நெடுநாளாகச் சாப்பிட்டால் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: காரம் சுவையல்ல, வலி என்கிறார்கள். அறுசுவையில் காரத்தை வைத்த நம் முன்னோர் அறியாதவர்களா?

பதில்: யார் அப்படிச் சொன்னது? வாயில் உணர்வதை அவர்கள் வகுத்தார்கள். எந்த நரம்பு கொண்டுபோகிறது என்பது வேறு கேள்வி. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் பற்றிக்கொள்ளும் டிஆர்பிவி1 என்ற புரதத்தை ஆய்வாளர் டேவிட் ஜூலியஸின் குழு 1997இல் கண்டறிந்தது. அவருக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் புரதம் நரம்பில் ஒரு கதவு போன்றது; ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸ் சூட்டில் திறக்கும் அதே கதவை மிளகாயும் திறக்கிறது. பறவைகளிடம் உள்ள புரதத்தில் கேப்சைசின் வேலை செய்யாது. கிளி மிளகாயைக் கொறிப்பது அதனால்தான்.

மறுகேள்வி: நாக்கில் உணர்கிறோமே, பிறகு சுவை இல்லையா?

பதில்: மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைத் தொட்டால் எரிகிறது. சர்க்கரை தொட்ட கையால் தொட்டால் கண் இனிக்கிறதா? சுவை மொட்டே இல்லாத இடத்திலும் காரம் உறைக்கும். துவர்ப்பும் பெரும்பாலும் தொடு உணர்வைச் சேர்ந்ததே. இதனால் அறுசுவைக்கு ஒரு குறைவும் இல்லை. இன்னொன்று: காரத்துக்குத் தண்ணீர் குடிக்காதீர்கள், கேப்சைசின் அதில் கரையாது. பால் குடியுங்கள்.

கேள்வி: இடித்துக்கொண்ட இடத்தைத் தேய்த்தால் வலி ஏன் குறைகிறது?

பதில்: தொடு உணர்வின் செய்தி, வலிச் செய்தியை முதுகுத்தண்டிலேயே மட்டுப்படுத்துகிறது. 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கத்தின் சாரம் இது.

கேள்வி: நரம்பு வலுப்பெற ஊசி சொல்லுங்கள்.

பதில்: மேலே சொன்னதைப் படியுங்கள். பரிசோதிக்காமல் மருந்து சொல்ல மாட்டேன்.

கேள்வி: சர்க்கரை நோயால் கால் மரத்திருக்கிறது. வெந்நீரில் வைக்கலாமா?

பதில்: கூடாது. தோல் வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது. ஏற்கெனவே வைத்திருந்தால், கொப்புளம் இருக்கிறதா என்று வீட்டில் ஒருவரை இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் உடைக்காமல் இன்றே மருத்துவரிடம் போங்கள்.