ஏழு கிலோவும் கோடாலித் தைலமும்

தம்பி, பொங்கலுக்கு அறந்தாங்கிக்கு, நம்ம ஊருக்குப் போக மலிவு விமானம் போதுமா, கூடக் கொடுத்துப் பெரிய விமானத்தில் போகலாமா, பறக்கப் பறக்கப் புள்ளி சேர்ந்து டிக்கெட்டாக மாறுகிற அட்டை போட்டால் லாபமா என்று கேட்டிருக்கிறாய். மலேசியாவுக்கு, இந்தச் சுங்கை சிப்புட்டுக்கு வந்து எட்டு மாதம்தான் என்கிறாய். நான் 1997இல் வந்தவன். அப்போது கே.எல்.ஐ.ஏ. என்கிற இந்தக் கோலாலம்பூர் ஏர்போர்ட் திறக்கவில்லை, பழைய சுபாங் ஏர்போர்ட்டில் இறங்கினேன். இப்போது இரண்டு டெர்மினல். ஏர் ஏசியா இரண்டாவதில், மலேசியா ஏர்லைன்சும் பாதிக் ஏரும் முதலாவதில். மாறிப் போய் நின்றால் நடுவில் ரயில் இருக்கிறது, பயப்படாதே.

போனில் நீ பார்க்கிற விலை உன் உடம்பைக் கொண்டுபோக மட்டும்தான். பெட்டிக்குத் தனி, சாப்பாட்டுக்குத் தனி, ஜன்னலோரம் வேண்டுமென்றால் அதற்கும் தனி. கையில் கொண்டுபோக 7 கிலோ. பெட்டிக்கான கிலோவை டிக்கெட் எடுக்கும்போதே வாங்கிவிடு. கவுண்டரில் போய் வாங்கினால் வயிறு எரியும்.

எனக்கு எரிந்திருக்கிறது. பெரியவள் பிறந்த வருஷம் முதல்முறையாக ஒரு மலிவு விமானத்தில் போனேன், பெயர் வேண்டாம். வாங்கியிருந்தது 15 கிலோ, பெட்டி காட்டியது 22. கூடுதல் கிலோவுக்குக் கவுண்டர் பெண் சொன்ன தொகை என் ஒரு வாரச் சம்பளம். வரிசை முழுக்க வேடிக்கை பார்க்க, தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தேன். மைலோ டின் இரண்டையும் அங்கே தரை பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கொடுத்தேன். சட்டைக்கு மேல் சட்டையாக மூன்று போட்டுக்கொண்டு, கோடாலித் தைலக் குப்பிகளைப் பாக்கெட்டுகளில் திணித்தேன். ஒன்று உடைந்துவிட்டது. இறங்கும்வரை பக்கத்துச் சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தார்.

கூடுதலாக இருந்த அந்த ஏழு கிலோவில் பாதி என்னுடையது இல்லை. ‘சின்னப் பார்சல்தான் அண்ணே’ என்று நம்ம ஊர்க்காரர்கள் கொடுத்தது. இப்போதும் கொடுப்பார்கள். வாங்காதே. உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது, அதிகாரி கேட்டால் நீதான் பதில் சொல்ல வேண்டும்.

பெரிய விமானத்தில் சாப்பாடும் பெட்டியும் பெரும்பாலும் விலைக்குள்ளேயே வரும். ஆனால் அவர்களும் பெட்டி இல்லாத டிக்கெட் விற்கப் பழகிவிட்டார்கள், படித்துப் பார்த்து எடு. மலேசியா ஏர்லைன்ஸ் என்றால் சென்னையில் இறங்கி அறந்தாங்கிக்கு ராத்திரி பஸ் பிடிக்க வேண்டும். ஏர் ஏசியாவும் பாதிக் ஏரும் நேரே திருச்சிக்குப் போகின்றன. பக்கத்து ஈப்போவின் அமான்ஜெயா பஸ் நிலையத்திலிருந்து ஏர்போர்ட்டுக்கு நேர் பஸ் உண்டு, அந்தக் காசையும் கணக்கில் சேர்த்துக்கொள். உன் இடத்தில் நான் இருந்தால் திருச்சி டிக்கெட்டும் 20 கிலோவும் சேர்த்து எடுப்பேன், அதுவும் இன்றைக்கே. விமானம் கிளம்பத் தாமதமானால் மலிவுக் கம்பெனி கைவிட்டுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. மலேசியச் சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான்: 2 மணி நேரம் தாமதமானால் சாப்பாடு, 5 மணி நேரமானால் பயணத்தை விட்டுவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

புள்ளி அட்டையா? இலவசம்தான், போட்டுவை. செலவழித்த காசைப் பார்த்துத்தான் புள்ளி. மலேசியா ஏர்லைன்சின் புள்ளித் திட்டமான என்ரிச்சில் 3 வருஷத்தில் காலாவதி. வருஷத்துக்கு ஒருமுறை போகிற நமக்கு அது சேர்வதற்குள் செத்துவிடும். கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற நம் ஆட்கள் அடிக்கடி பறப்பவர்களுக்குக் கொடுக்கிற தங்க அட்டையைக் காட்டிப் பெருமை அடிப்பார்கள். டிக்கெட் காசு கம்பெனி கொடுக்கிறது, அதைச் சொல்லமாட்டார்கள். அட்டையிலும் டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும். அப்பா பெயரை முன்னே ஒன்றிலும் பின்னே ஒன்றிலும் போட்டு என் புள்ளிகள் ஒருமுறை ஏறவே இல்லை.

கைத்தராசு ஒன்று வாங்கு, இல்லை என் வீட்டுக்குப் பெட்டியைக் கொண்டுவா. என் மாமனார் ரப்பர் தோட்டத்தில் 30 வருஷம் பால் வெட்டியவர். கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், பாலை நிறுக்கும்போது தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்கமாட்டாராம். தைலக் கதையைக் கேட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டுப் பெட்டிகளுக்கு அவர்தான் கிராணி. வாசலில் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கத்துவார்: “பத்தொன்பது எண்ணூறு! இன்னும் ரெண்டு தைலம் வை.”