வாசகர் கேள்வி: சிலந்திப்பூச்சியின் வீடு

கேள்வி: தகப்பனாரின் நிலத்தில் எனக்குரிய பங்கையும் என் அண்ணன் தம் பெயருக்கே எழுதிக்கொண்டார். ஆனால் அவர் ஆராதனைக்குத் தவறுவதில்லை. தமக்குப் பரலோகம் நிச்சயம் என்று சபையில் சாட்சியும் சொல்கிறார். "மாயக்காரரின் நம்பிக்கை அழிந்துபோம்" என்று யோபு 8:13 சொன்னாலும், அவர் நன்றாகத்தானே இருக்கிறார்? இந்த வசனத்தை அவருக்கு எழுதி அனுப்பலாமா?

பதில்: சகோதரரே, அடுத்த இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். அந்த நம்பிக்கை சிலந்திப்பூச்சி வீடு போன்றது என்றும், ஒருவன் அதன்மேல் சாய்ந்தால் அது நிலைக்காது என்றும் அங்கே காண்கிறோம். சிலந்திக்கு அந்த வீடு போதும். அதில் இரைகூட விழும். மனிதன் தன் பாரத்தை அதன்மேல் வைக்கும்போதுதான் அது அறுந்துபோகிறது. ஆகவே உங்கள் அண்ணனுடைய இன்றைய வாழ்வு வசனத்தைப் பொய்யாக்கவில்லை. துன்மார்க்கன் மரிக்கும்போது அவனுடைய நம்பிக்கை அழியும் என்று நீதிமொழிகள் 11:7 வேளையையும் குறித்துவிடுகிறது.

ஆராதனையைப் பற்றிச் சொன்னீர்கள். திருடியும் பொய்யாணையிட்டும் வாழ்ந்துவிட்டு, ஆலயத்துக்குள் வந்து நின்று, தாங்கள் விடுவிக்கப்பட்டதாகச் சொல்லிக்கொண்ட யூதா ஜனங்களிடம், "கர்த்தரின் ஆலயம்" என்று மும்முறை சொல்லும் பொய்வார்த்தைகளை நம்ப வேண்டாம் என்று எரேமியா தீர்க்கதரிசி அந்த ஆலயத்தின் வாசலிலேயே நின்று எச்சரித்தார் (எரேமியா 7). முன்பு கர்த்தருடைய ஸ்தலம் இருந்து பாழாய்ப்போன சீலோவுக்கு நேர்ந்ததைப் போய்ப் பாருங்கள் என்றும் சொன்னார். அவர்கள் கேட்கவில்லை, கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் அந்த ஆலயத்தைச் சுட்டெரித்தார்கள். கடவுளை மறுப்பவனைவிட, அவருடைய வீட்டுக்குள் ஒளிந்துகொள்பவனையே இப்பகுதி குறிவைக்கிறது என்பது என் கருத்து.

வசனத்தை எழுதி அனுப்புவது வேறு காரியம். அதைச் சொன்னவன் யோபின் சிநேகிதர்களில் ஒருவன், சூகியனான பில்தாத். சொல்லப்பட்டதோ, பிள்ளைகளை இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்த உத்தமனாகிய யோபிடம். அந்தப் பிள்ளைகள் தங்கள் பாவத்துக்காகவே மாண்டார்கள் என்ற தொனியிலும் அவன் பேசினான். சொல் சரி, ஆள் தவறு. அந்தச் சிநேகிதர்கள்மேல் தமக்குக் கோபம் மூண்டதாக 42:7-இல் கர்த்தரே சொல்லுகிறார். உங்களிடம் பத்திரமும் ஆதாரமும் இருக்கலாம். ஆனால் ஒருவருடைய முடிவைத் தபாலில் அறிவிக்கும் அதிகாரம் நம்மிடம் இல்லை. மத்தேயு 18:15, 16-இன்படி முதலில் தனியாகச் சென்று, வசனத்தை அல்ல, நிலத்தைப் பற்றியே பேசுங்கள். அவர் செவிகொடாவிட்டால், இருவருக்கும் வேண்டிய மூப்பர் ஒருவரையோ இருவரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள்.