தேனீக் கூட்டம் பிரிந்து போகாமல் எப்படித் தடுப்பது?
கொக்கட்டிச்சோலையில் வைத்திருக்கும் பெட்டியின் வாசலில் பின்னேரங்களில் தேனீக்கள் தாடி போலத் தொங்குகின்றன, பிரிந்து போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெக்கைக்கும் அப்படித் தொங்கும். மேலே கிடுகு போட்டு நிழல் கொடுங்கள்.

பிறகு அடைகளைத் தூக்கி அடி விளிம்பைப் பாருங்கள். சின்னக் கச்சான் கோது போலக் கீழ்நோக்கித் தொங்கினால் அது புது ராணி வளரும் ராணி அறை. முட்டையிட்டு 8 நாளளவில் அறை மூடப்படும்; அதையொட்டிப் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடும். அறைகளை நசுக்கிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், ஒன்று தப்பினாலே போதும். பழைய ராணியையும் தேனீ மொய்த்த மூன்று அடைகளையும் புதுப் பெட்டிக்கு மாற்றுவதுதான் நான் நம்பும் வழி. பழைய பெட்டியில் நல்ல ராணி அறை ஒன்றை மட்டும் விடுங்கள். பெட்டிக் கால்களுக்குத் தண்ணீர்ச் சிரட்டை வையுங்கள். பிரித்த சின்னக் கூட்டத்தை எறும்பு சும்மா விடாது.